தடைப்பலகை இல்லாத மூலை: டோக்கியோ ஹனேகி விளையாட்டிடம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

டோக்கியோவின் செதகயா வார்டில் ஹனேகி பூங்கா என்று ஒன்று இருக்கிறது. உமேகாவோகா ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மேடான நிலம், 600க்கும் மேற்பட்ட பிளம் மரங்கள். பிப்ரவரியில் அவை பூக்கும்போது விழா நடக்கும். பூப் பார்க்கக் கூட்டம் கூடும். நடைபாதை, பெஞ்சு, டென்னிஸ் திடல் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒரு மூலையில் மட்டும் அந்த ஒழுங்கு நின்றுவிடும். அங்கே தரை குண்டும் குழியுமாகக் கிடக்கும். மரங்களில் கயிறு தொங்கும். பழைய பலகைகளை ஆணியடித்துச் சேர்த்த மேடைகள், ஏணிகள், பாதி கட்டி பாதி பிரித்த குடிசைகள். ஒரு பக்கம் விறகு எரிந்துகொண்டிருக்கும். அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பலர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்.

இதுதான் ஹனேகி பிளேபார்க். ஜப்பானின் முதல் நிரந்தர சாகச விளையாட்டிடம். 1979இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. கட்டணம் கிடையாது, பெயர் எழுதி வாங்குவதும் கிடையாது. நிலம் அரசாங்கத்தினுடையது, பணமும் பெரும்பாலும் அரசாங்கத்தினுடையது. நடத்துவது மட்டும் அக்கம்பக்கத்து மக்கள்.

பொது விளையாட்டுத் திடல்களைச் சீரமைக்கும்போது குழந்தைகளையும் ஊர்க்காரர்களையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மூலைதான். வழக்கமான முறை நமக்குத் தெரியும்: ஒருநாள் கூட்டம் போடுவார்கள், குழந்தைகளிடம் தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று வரையச் சொல்வார்கள், அப்புறம் ஒப்பந்தக்காரர் வந்து கட்டிவிட்டுப் போவார். ஹனேகியில் அந்த வரிசை அப்படி நடக்கவில்லை. அங்கே ஊர்க்காரர்கள் யோசனை சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு பிள்ளைக்கு அடிபட்டால், புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போனால், யாராவது சண்டைக்கு வந்தால் பதில் சொல்லும் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் அந்தப் பொறுப்பில் நின்றதால்தான் குழந்தைகளால் அந்த இடத்தைத் தினமும் மாற்ற முடிந்தது என்பது என் துணிபு. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

மணல்தொட்டி, ஊஞ்சல், சறுக்குமரம்

இப்படி ஓர் இடம் ஏன் தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் 1956ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜப்பானில் நகரப் பூங்காச் சட்டம் வந்தது. அதன் விதிகளின்படி குழந்தைகள் பூங்கா என்றால் மணல்தொட்டி, ஊஞ்சல், சறுக்குமரம் மூன்றும் கட்டாயம். போருக்குப் பின் அவசரமாக எழும்பிக்கொண்டிருந்த நகரங்களில் குழந்தைகளுக்கு இவ்வளவாவது கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதிய விதிதான். விளைவு என்னவென்றால், நாடு முழுக்க ஒரே அச்சில் வார்த்த பூங்காக்கள் பெருகின. இந்த மூன்றையும் ஜப்பானிய அரச குலத்தின் மூன்று புனிதப் பொருள்களோடு (வாள், கண்ணாடி, மணி) ஒப்பிட்டுப் பேசும் வழக்கம் வரும் அளவுக்கு அவை எங்கும் நிறைந்தன. 1993இல்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது.

அதே காலத்தில் பூங்காவுக்கு வெளியே இருந்த விளையாட்டிடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. காலி மனைகளில் வீடு வந்தது. சிற்றாறுகளைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். 1964 ஒலிம்பிக்குக்காக டோக்கியோ முழுக்கச் சாலைகள் விரிந்தன. தெருவைக் கார்கள் எடுத்துக்கொண்டன. 1970இல் ஜப்பானில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 16,765 பேர். அந்த நாட்டு வரலாற்றில் அதுவே உச்சம். அந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பப் பயந்ததில் வியப்பில்லை.

இந்த இழப்பைக் கண்ணால் பார்க்கும்படி செய்த ஒரு வேலையும் செதகயாவிலேயே நடந்தது. தைஷிதோ என்னும் நெருக்கமான பகுதியில் குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த ஒரு குழு, 1980களின் தொடக்கத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையினரிடமும் போய், சிறுவயதில் எங்கே விளையாடினீர்கள், என்ன விளையாடினீர்கள் என்று கேட்டு, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வரைபடம் போட்டது. ஊர் ஒன்றுதான். முதல் படத்தில் வயல், ஆறு, கோயில் வளாகம், தெரு என்று ஊரே விளையாட்டிடம். கடைசிப் படத்தில் அங்கங்கே சில புள்ளிகள். தங்கள் ஊரில் விளையாட்டுத் திடல் சீரமைக்க நினைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது என்று நினைக்கிறேன். செலவு அதிகம் இல்லை. தாத்தாக்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தப் பேச்சிலேயே அவர்கள் திட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

கோபன்ஹேகனில் முளைத்த யோசனை

யோசனையின் வேர் டென்மார்க்கில் இருக்கிறது. நிலத்தோற்றக் கலைஞர் சோரென்சன் தான் வடிவமைத்த அழகான விளையாட்டுத் திடல்களைவிட, கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிடக்கும் செங்கல், பலகை, மண் குவியல்களில்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று கவனித்தார். 1931 வாக்கிலேயே இதை எழுதிவிட்டார். 1943இல், நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றை ஒட்டி அப்படி ஒரு திடல் திறந்தது. உள்ளே சறுக்குமரம் எதுவும் இல்லை. உடைசல் சாமான், கருவிகள், கூட ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் ஜான் பெர்டெல்சன். கப்பலில் வேலை பார்த்தவர், மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சியும் பெற்றவர். குழந்தைகள் கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடியும் கட்டினார்கள்.

1946இல் இங்கிலாந்திலிருந்து வந்த லேடி ஆலன் என்னும் தோட்ட வடிவமைப்பாளர், குழந்தைகள் நலனுக்காக உழைத்தவர், இதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, லண்டனில் குண்டு விழுந்து காலியாகக் கிடந்த மனைகளை இப்படி ஏன் பயன்படுத்தக் கூடாது என்று எழுதினார். அதிலிருந்து லண்டனில் பல சாகசத் திடல்கள் பிறந்தன. அவர் எழுதிய நூலொன்றை 1973இல் ஜப்பானியத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஓமுரா கெனிச்சி, ஓமுரா ஷோகோ என்னும் தம்பதி. கெனிச்சி நகரத் திட்டமிடல் துறையைச் சேர்ந்தவர். இருவரும் செதகயாவில் குடியிருந்தார்கள். ஐரோப்பாவுக்குப் போய் அந்தத் திடல்களை நேரில் பார்த்துவிட்டு வந்து, தங்கள் தெருக்காரர்களிடம் பேச ஆரம்பித்தார்கள்.

அரசாங்கத்திடம் போவதற்கு முன்

இந்தக் கட்டத்தைத்தான் நான் மிகவும் முக்கியமாகப் பார்க்கிறேன். அவர்கள் மனு எழுதிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போய் நிற்கவில்லை. முதலில் தாங்களே நடத்திப் பார்த்தார்கள். 1975, 1976 கோடை விடுமுறைகளில் கியோடோ என்னும் பகுதியில் (பழைய தலைநகர் கியோட்டோ வேறு) பக்கத்து வீட்டுப் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு காலி நிலத்தில் சாகசத் திடல் போட்டார்கள். விடுமுறை முடிந்தால் அதுவும் முடிந்தது. அடுத்து 1977இல் சகுரகாவோகா பகுதியில் தற்காலிகமாகக் கிடைத்த இடத்தில் ஏறத்தாழ 15 மாதம் நடத்தினார்கள். பிள்ளைகளோடு இருந்து பார்த்துக்கொள்ளத் தன்னார்வ மாணவர்கள் வந்தார்கள்.

இந்தச் சோதனை ஓட்டங்கள் இல்லாவிட்டால் பின்னால் வந்தது எதுவும் நின்றிருக்காது. எந்தத் தெருக்காரர் முதலில் புகார் சொல்வார், சேறு பூசிய சட்டையோடு பிள்ளை வீட்டுக்குப் போனால் எந்த அம்மா கோபப்படுவார், சுத்தியலால் விரலில் அடித்துக்கொண்ட பையனை யார் மருத்துவரிடம் கூட்டிப்போவது, மழை நாளில் யார் திடலைத் திறப்பது: இதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. ஒரு கோடை நடத்தினால் தெரிந்துவிடும். இன்னொன்றும் நடந்தது. திடல் வேண்டும் என்று கேட்பவர்கள் யார், திடலுக்காக ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பவர்கள் யார் என்பதும் தெரிந்துவிட்டது. பின்னால் ஹனேகியைத் தாங்கியது இப்படி வந்து நின்றவர்கள்தான்.

1979 ஐ.நா. அறிவித்த சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. அந்த ஆண்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று செதகயா வார்டு நிர்வாகமும் நினைத்தது. இங்கே வார்டு என்பதை நம்மூர் வார்டாக நினைத்துவிடக் கூடாது. இன்று 9 லட்சம் பேருக்கு மேல் வாழும் பகுதி அது. மாநகராட்சி போலச் செயல்படும் அமைப்பு. டோக்கியோ வார்டுகளின் தலைவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 1975இல்தான் திரும்ப வந்திருந்தது. அதனால் மக்கள் பங்கேற்பு என்ற பேச்சுக்கு அப்போது நிர்வாகத்துக்குள்ளேயே காது கொடுக்க ஆள் இருந்தது. ஏற்கனவே நடத்திக் காட்டிய ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், இடமும் நிதியும் வைத்திருந்த நிர்வாகம் இன்னொரு பக்கம். ஹனேகி பூங்காவின் ஒரு மூலை இப்படித்தான் கைமாறியது.

ஏற்பாடு எளிமையானது. நிலமும் நிதியும் வார்டினுடையவை. அன்றாடம் நடத்துவது, எது அனுமதி, எது வேண்டாம் என்ற முடிவு, புகார்களுக்கு முகம் கொடுப்பது எல்லாம் ஊர்க்காரர்கள் குழுவினுடையவை. பிள்ளைகளோடு திடலில் இருக்க பிளே லீடர் ஒருவர். ஆரம்பத்தில் தன்னார்வலர்கள் பார்த்த இந்த வேலை பின்னர் சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வேலையானது.

வாசலில் இருக்கும் பலகை

டோக்கியோவின் சாதாரணப் பூங்காக்களில் பலகை என்றால் தடைகளின் பட்டியல்தான். பந்து விளையாடாதே, தீ மூட்டாதே, சத்தம் போடாதே. ஹனேகியின் பலகை ஜப்பானில் இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் சாரம் இதுதான்: உன் பொறுப்பில் சுதந்திரமாக விளையாடு, விபத்து தன் பொறுப்பு என்ற எண்ணம் அடிப்படையில் இல்லாவிட்டால் தடைகள் பெருகிவிடும், பிள்ளைகள் மனம்போல விளையாட முடியாது. இந்த இடத்தை ஊர்த் தன்னார்வலர்களும் வார்டும் சேர்ந்து நடத்துகிறார்கள் என்றும், ஏதாவது உடைந்திருந்தாலோ சிக்கல் என்றாலோ பிளே லீடரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ சொல் என்றும் அதில் எழுதியிருந்தது.

கடைசிப் பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. 'உன் பொறுப்பு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் அது நிர்வாகம் கைகழுவும் வாசகமாகிவிடும். சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், அவர் இன்னார் என்று அடுத்த வரியிலேயே வருவதால்தான் முதல் வரிக்கு நேர்மை கிடைக்கிறது. பிற்காலத்தில் பலகையின் சொற்கள் மாறியிருக்கின்றன. தடைகளைக் குறைக்க முயல்கிறோம், அதனால் ஆபத்தை நீயே யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்ற விளக்கம் கூடியிருக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணம் மாறவில்லை.

குழந்தைகளின் பங்கு எங்கே இருக்கிறது

ஹனேகியில் குழந்தைகளை அழைத்து வைத்து இந்தத் திடல் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் பங்கேற்பு என்று யாரும் நினைப்பதில்லை. கேட்டால் பிள்ளைகள் தாங்கள் பார்த்ததைத்தான் வரைவார்கள். நீளமான சறுக்குமரம் வரும், டைனோசர் வரும். அவர்கள் மேல் தவறில்லை. நாமும் பார்க்காத வீட்டை வரைய மாட்டோம். ஆனால் ஒரு பலகையும் ரம்பமும் கையில் கொடுத்துவிட்டுப் பார்த்தால், தாளில் ஒருபோதும் வராத விஷயங்கள் வெளிவரும்.

கருவிகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். சுத்தியல், ரம்பம், மண்வெட்டி. முதல்முறை ஆணி அடிக்கும் பிள்ளையைக் கவனித்தால் தெரியும்: ஆணி வளையும், தெறிக்கும், மரம் பிளக்கும். அருகில் நிற்கும் பிளே லீடர் சுத்தியலை வாங்கி அடித்துக் காட்ட மாட்டார். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் தன் வேலையைப் பார்ப்பது போல இருப்பார், கண் மட்டும் அங்கே இருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆணியின் கழுத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும். இன்று கட்டிய குடிசை நாளை வேறு கூட்டத்தின் கையில் கப்பலாகும், அதற்கடுத்த வாரம் விறகாகும். இதில் அழுகை உண்டு, சண்டை உண்டு. யார் கட்டியதை யார் பிரிக்கலாம் என்ற பெரிய வழக்கைப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். பொது இடம் என்பதை இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் எனக்குத் தெரியாது.

பிளே லீடர் தங்கும் சிறிய வீட்டின் கூரை ஹனேகியில் பேர்போனது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி, கீழே போட்ட மெத்தையில் குதிப்பார்கள். குதிக்கிறவர்களைவிட, குதிக்காமல் இறங்கி வருகிறவர்கள்தான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறார்கள். விளிம்புவரை போய், எட்டிப் பார்த்து, பின்வாங்கி, ஏணி வழியே இறங்கும் பிள்ளை தன் எல்லையைத் தானே அளந்து பார்க்கிறது. யாரும் தள்ளிவிடுவதில்லை. அந்த முடிவை அது எடுத்ததாக அங்கே மதிக்கிறார்கள். இன்னொரு நாள் வரும், குதிக்கும். அல்லது குதிக்காமலே வளர்ந்துவிடும். இரண்டும் சரிதான்.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூங்காவில் தீ மூட்டக் கூடாது என்பது டோக்கியோவில் பொது விதி. ஹனேகியில் அதற்கென்று இடமும் அடுப்பும் உண்டு. பிள்ளைகள் விறகு பிளந்து, ஊதி, கண் எரிந்து, கடைசியில் ஒரு கிழங்கைச் சுட்டுத் தின்பார்கள். நம்மூரில் கூட்டாஞ்சோறு ஆக்கிய தலைமுறைக்கு அந்தக் கிழங்கின் அருமையை விளக்க வேண்டியதில்லை. நெருப்பு ஆட்களை உட்கார வைக்கும். விளையாட வராத பதின்வயதுப் பையன், பள்ளிக்குப் போகப் பிடிக்காத பெண், கைக்குழந்தையோடு வீட்டில் அடைந்து கிடந்த இளம் தாய் எல்லோரும் அடுப்போரமாக வந்து உட்கார ஒரு காரணம் கிடைக்கிறது.

இளம் தாய்மார்கள் என்றதும் இன்னொன்று. 1970கள் முதலே செதகயாவில் பெற்றோர்கள் சேர்ந்து, முறை வைத்து, வெட்டவெளியில் ஒருவர் பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு பிளேபார்க் இயல்பான வீடானது. பள்ளிப் பிள்ளைகள் வராத காலை நேரத்தில் தவழும் பிள்ளைகள் அந்தச் சேற்றில் உட்கார்ந்திருப்பார்கள். தாய்மார்கள் சில ஆண்டுகளில் குழுவின் பொறுப்பாளர்களாவார்கள். பிள்ளை வளர்ந்து போன பிறகும் சிலர் தங்கிவிடுவார்கள். புதிய ஆட்களுக்காக விளம்பரம் செய்யாமலே ஒரு வரிசை உருவாவது இப்படித்தான்.

புகை, சத்தம், புகார்

இவ்வளவும் சிக்கல் இல்லாமல் நடந்திருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். புகைக்கும் சத்தத்துக்கும் அழுக்குக்கும் புகார் வருவது இத்தகைய இடங்களின் அன்றாட நிலை. பார்வைக்கு அந்த மூலை குப்பைமேடு மாதிரிதான் இருக்கும். அழகான பூங்காவை விரும்பும் வரி செலுத்துபவருக்கு அதைப் பார்த்தால் உறுத்தத்தான் செய்யும். அவருடைய பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆனால் புகார் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணப் பூங்காவில் அது அலுவலகத்துக்குப் போகும். அலுவலகத்துக்கு அந்தப் பிள்ளைகளையும் தெரியாது, புகார் சொன்னவரையும் தெரியாது. அதன் கையில் இருக்கும் ஒரே கருவி இன்னொரு தடைப்பலகை. நாகானோ நகரத்தில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். 2004இல் திறந்த அஓகிஜிமா சிறுவர் பூங்காவைப் பற்றிப் பிள்ளைகளின் சத்தம் தாங்கவில்லை என்று ஆண்டுக்கணக்கில் புகார் வந்தது. 2022 கடைசியில் பூங்காவையே மூடுவதென்று நகராட்சி முடிவு செய்த செய்தி நாடு முழுக்கப் பெரிய விவாதமானது. 2023இல் பூங்கா முடிந்தது. இவ்வளவு ஆண்டுகளில் புகார் சொன்னவரையும் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கும் வேலை யாருடைய பொறுப்பிலும் நிலையாக இருந்ததாகத் தெரியவில்லை.

ஹனேகி மாதிரி இடத்தில் புகார் முதலில் வந்து சேர்வது, அதே தெருவில் குடியிருக்கும் இன்னொருவரிடம். அவர் மன்னிப்புக் கேட்பார், விளக்குவார், எந்த நேரத்தில் அடுப்பை அணைப்பது என்று பேசுவார். வெயிலில் நின்று திடலைப் பார்த்துக்கொள்ளும் மனிதரிடம் கோபத்தை நீட்டிக்க யாருக்கும் கொஞ்சம் கஷ்டம்தான். எல்லாப் பேச்சும் வெற்றி பெறும் என்றில்லை. பேச ஓர் ஆள் இருக்கிறார் என்பதே 40 ஆண்டுக்கு மேல் அந்த இடம் நிலைத்ததற்குப் பெரிய காரணம்.

அடிபட்டால்

எந்த ஊரில் இதைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி இதுதான். ஜப்பானியச் சட்டப்படி பொது இடத்தின் பராமரிப்பில் குறை இருந்து ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அரசு நஷ்டஈடு தர வேண்டும். பலகையில் என்ன எழுதினாலும் அந்தக் கடமை போகாது. அப்படியிருக்க எப்படி நடத்துகிறார்கள்?

ஆபத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பிள்ளை கண்ணால் பார்த்து, எடைபோட்டு, ஏற்பதா விடுவதா என்று தானே முடிவெடுக்கக்கூடிய ஆபத்து ஒன்று: கூரையின் உயரம், தீயின் சூடு, ரம்பத்தின் பல். பிள்ளையால் பார்க்க முடியாத ஆபத்து இன்னொன்று: உள்ளே உளுத்துப்போன கட்டை, இலைக்கடியில் துருத்தி நிற்கும் ஆணி, அறுந்துவிடும் நிலையில் உள்ள கயிறு. முதலாவதை விட்டுவைக்க வேண்டும். இரண்டாவதைத் தேடிப்பிடித்து எடுக்க வேண்டும். திடலைத் திறக்கும் முன்னும் மூடிய பின்னும் பிளே லீடர் செய்யும் பெரிய வேலை இதுதான். கயிற்றை இழுத்துப் பார்ப்பது, கட்டையைத் தட்டிப் பார்ப்பது, தரையைச் சீய்த்துப் பார்ப்பது. 2002இல் ஜப்பானிய அரசு நகரப் பூங்காக்களின் விளையாட்டுச் சாதனங்களுக்குப் பாதுகாப்பு வழிகாட்டி வெளியிட்டபோது, அதிலும் இந்தப் பிரிவினை இடம்பெற்றது. பிள்ளைகள் விளையாட்டில் ஓரளவு ஆபத்துக்கு மதிப்பு உண்டு என்று அரசு ஆவணமே ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை.

தடைகளை எடுத்துவிட்டால் போதும், சுதந்திரம் தானாக வந்துவிடும் என்று சிலர் ஹனேகியைப் புரிந்துகொள்கிறார்கள். அங்கே தடையின் இடத்தை மனித உழைப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த உழைப்புக்குச் சம்பளம் வேண்டும். சறுக்குமரத்துக்கு ஒருமுறை பணம் ஒதுக்கினால் முடிந்தது. ஆளுக்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். நிர்வாகங்கள் தயங்குவது பெரும்பாலும் இங்கேதான். ஹனேகியின் பலவீனமும் இதில்தான் இருக்கிறது: நிதி வார்டிடமிருந்து வருகிறது, ஆகவே ஒவ்வொரு ஆண்டும் இந்த இடம் ஏன் வேண்டும் என்று யாருக்காவது எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிளே லீடர் வேலை உடலையும் மனத்தையும் வாங்குவது; அதில் நல்ல ஆள் நிலைப்பது எளிதல்ல. டியூஷன் வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளின் மாலைப்பொழுது சுருங்கிக்கொண்டே போவது இன்னொரு கவலை. திடல் திறந்திருந்தாலும் வர நேரமில்லாத பிள்ளைக்கு அது மூடியிருப்பது போலத்தான்.

பரவிய விதம்

ஹனேகிக்குப் பிறகு செதகயாவிலேயே 1982இல் செதகயா பூங்காவிலும், 1989இல் கோமசாவாவிலும், 2003இல் கராசுயாமாவிலும் பிளேபார்க்குகள் வந்தன. 2005இல் இவற்றை நடத்த ஊர்க்காரர்களின் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று முறைப்படி பதிவானது. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 12ஆம் பிரிவிலும், விளையாடும் உரிமையை 31ஆம் பிரிவிலும் அது எழுதிவைத்தபோது, ஹனேகிக்குப் பத்து வயது ஆகியிருந்தது.

2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி அடித்தது. அடுத்த மாதமே கெசென்னுமா நகரில் சாகச விளையாட்டிடம் நடத்துபவர்கள் ஒரு திடலைத் திறந்தார்கள். பள்ளித் திடல்களிலெல்லாம் தற்காலிக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளைகள் கையில் கிடைத்த பலகைகளையும் சாமான்களையும் வைத்துத் தாங்களே திடலை உருவாக்கினார்கள். பேரழிவில் விளையாட்டு ஒரு அவசரத் தேவை என்று பேசுவதற்கு, பல ஆண்டுகளாக இந்த வேலையில் கைப்பழக்கம் உள்ளவர்கள் நாட்டில் இருந்தது எவ்வளவு பயன்பட்டது என்பது அங்கே தெரிந்தது.

இன்று ஜப்பான் முழுக்க 400க்கும் மேற்பட்ட குழுக்கள் இந்த வகைத் திடல்களை நடத்துகின்றன. அவற்றில் ஹனேகி மாதிரி வாரத்தின் பெரும்பாலான நாள்கள் திறந்திருப்பவை கொஞ்சம்தான். மற்றவை மாதம் ஒருநாளோ, சில மாதங்களுக்கு ஒருமுறையோ நடக்கின்றன. பூங்கா அலுவலகத்தில் ஒரு நாளுக்கு அனுமதி வாங்குவார்கள். கயிறு, பலகை, கருவிப் பெட்டி, தண்ணீர்க் குழாய், முதலுதவிப் பை எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றி வருவார்கள். காலையில் மரத்தில் கயிறு கட்டுவார்கள், பிள்ளைகள் வருவார்கள், மாலையில் அவிழ்த்து, குழியை மூடி, தரையைப் பெருக்கிவிட்டுப் போவார்கள். கராசுயாமாவும் நிரந்தர இடமாவதற்கு முன்னால் அந்தப் பகுதிப் பெற்றோர்கள் இப்படி நாள் குறித்து நடத்தியதுதான்.